அவன் குவியலில் என் சுருட்டுகள்

புத்தூர்ப் பக்கம் ஒரு சுருட்டுக் கொட்டிலில்தான் நான் உலகம் படித்தேன். எங்களில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் சுருட்டுச் சுற்றியபடி கேட்போம். சுற்றிய சுருட்டுக்குத்தான் கூலி. ஆகையால் வாசிக்கிறவருக்கு நட்டம் வராமல் ஆளுக்குக் கொஞ்சம் அவர் குவியலில் போட்டுவிடுவோம். முதலாளிக்கு இது தெரியாது.

ஒருநாள் முதலாளி அளவெட்டி ஊரான் ஒருவனைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருத்தினார்.

"இவனைப் பழக்கி எடு. தைப்பொங்கல் முடியத் தெற்கே காலிப் பட்டினத்திலை கடை திறக்கிறன். பொறுப்பா உன்னைத்தான் விட யோசிக்கிறன்."

வீடு போய்ச் சேருமுன்னமே காலிக் கடைக்கு மனத்துக்குள் மேசை போட்டுவிட்டேன்.

வந்தவன் என்னிலும் கொஞ்சம் இளையவன். மண்வெட்டி பிடித்த கை. தொட்ட இலையெல்லாம் கிழிந்தது.

"உதென்ன, சுருட்டோ வாழைப்பொத்தியோ?" என்பார் எதிரே இருந்தவர்.

"பத்த வைச்சால் மீசைதான் எரியும்!" என்பார் வாசிக்கிறவர், பத்திரிகைக்கு மேலால் பார்த்து.

அவனும் சேர்ந்து சிரிப்பான். கண் மட்டும் கலங்கும். தேறாவிட்டால் முதலாளி வேலையை விட்டுக் கலைத்துவிடுவார். அதனால், வாசிக்கிறவருக்குச் செய்வதுபோல, என் சுருட்டுகளை அள்ளி அவன் குவியலில் போட்டேன்.

"கை வாற வரைக்கும்தான்," என்றேன்.

"உயிருள்ள மட்டும் மறக்கமாட்டன் அண்ணை."

கை வந்தது. அதன் பிறகும் அவன் போதும் என்று சொல்லவில்லை. நிறுத்த எனக்கும் மனம் வரவில்லை.

பொங்கல் முடிந்து முதலாளி வந்தார். இரண்டு குவியலையும் பார்த்தார்.

"உனக்கு வாய்தான் ஓடுது, கை ஓடேல்லை. காலிக்கு இவன் போகட்டும்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஓம் முதலாளி," என்றான்.

நானே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் வாசிக்கிறவரின் குவியலும் சந்திக்கு வந்துவிடும். அவருக்கு வீட்டில் ஐந்து வாய்.

காலிக்கு ரயில் கோச்சி ஏறும் நாளன்று அவன் கொட்டிலுக்கு வந்தான். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு.

"அண்ணை, போட்டு வாறன். குறை நினையாதேங்கோ. உங்கடை கத்தரிக்கோலைத் தாறியளோ? அதிலைதான் என்ரை கை பழகினது."

"வாயையும் கழட்டிக் குடுத்துவிடு," என்றார் எதிரே இருந்தவர். "அங்கை கதைக்க ஆளில்லையாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அவன் கையை நீட்டினான். நான் குனிந்து இலை வெட்டத் தொடங்கினேன்.