முதல் ரவுண்டு

என் பழைய அம்பாசடரின் ஸ்டியரிங் தண்டை முழுக்கக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டித் தந்த மயிலாப்பூர் மெக்கானிக் அவர். ஒல்லியான ஆள்; இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு பழைய தழும்பு. வேலை முடிந்ததும் நான் முன்சீட்டில் ஏறப்போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

"இரு சார். எந்த வண்டின்னாலும் மொதல் ரவுண்டு நான் மட்டுந்தான் போவேன்."

"நானும் வரேனே?"

"பூட்டுனது நானு. தப்பா பூட்டியிருந்தா எனக்கு மட்டும் ஆவட்டும்."

தன் செல்போனை என்னிடம் கொடுத்தார்.

"இதுவும் என்கூட நொறுங்கிட்டா வூட்டுக்கு யார் சொல்றது?"

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. சற்று நேரத்தில் செல்போன் அடித்தது. திரையில் 'வீடு' என்றிருந்தது. எடுத்து என்ன சொல்வது? கார் மறுபடி கண்ணில் படும்வரை அதை அடிக்கவிட்டு நின்றிருந்தேன்.