மலை லைனின் தும்மல்

"பஸ்ஸுக்கும் லைனுக்கும் இன்னாம்மா சம்பந்தம்? மலையில பொறந்தா எல்லாத்தையும் பஸ்ஸோட முடிச்சுப் போடணுமா?"

கேட்டவர் தனபால் சார். ஆலங்காயத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலதிகாரி. இன்று காலை வேலூர் கண்ட்ரோல் ரூமில் அந்தக் குரல் மறுபடி காதருகே கேட்டது. பக்கத்து நாற்காலிப் பெண் அப்போதுதான் டிபன் டப்பாவைத் திறந்திருந்தாள். புளிசாதம். அதே நேரம் என் திரையில் ஜவ்வாது மலை செல்போன் டவருக்குப் போகும் கேபிள் லைன் சிவப்பாகி, நான் நிமிர்வதற்குள் பச்சையாகிவிட்டது. புளி வாசனையும் அந்தச் சிவப்பும் சேர்ந்து வந்ததும் என் கை அப்பாவின் நம்பரைத் தேடியது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

புளி என்றாலே எனக்கு பஸ்தான் ஞாபகம் வரும். மாசி, பங்குனியில் எங்கள் மலையிலிருந்து இறங்கும் காலை பஸ்ஸில் ஆளுக்குப் பாதி இடம், மூட்டைக்குப் பாதி. ஆலங்காயம் ஹாஸ்டலில் சேர்க்க அப்பா என்னைக் கூட்டிப்போனதும் அப்படி ஒரு மூட்டைமேல் உட்கார வைத்துத்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் கால் என்னுடையது. அந்தக் காலில் புளி ஒட்டியிருந்தது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கேட்பவருக்கு அலுத்தாலும் சொல்வேன்.

டிப்ளமோ முடித்துச் சேர்ந்த வேலை, திரையைப் பார்ப்பது. லைன் விழுந்தால் சிவப்பு. கம்ப்யூட்டர் தானே ஒரு புகாரைத் திறக்கும். எழுந்தால் பச்சை, தானே மூடிவிடும். வீட்டில் "பொண்ணு டி.வி. பாக்குற வேல பாக்குது" என்று சொல்லி வைத்திருந்தார்கள். மறுக்க முடியவில்லை.

அந்தத் திரையில் மலை லைனுக்கு மட்டும் ஒரு வியாதி. திடீரென்று விழும், உடனே எழும். பேசிக்கொண்டிருப்பவர்களின் போன் அறுபடும், அவ்வளவுதான். "மலை லைன் தும்முது" என்போம். பழுது பார்ப்பவர்கள் ஜீப்பில் போய், கேபிளுக்குள் வெளிச்சம் அனுப்பி உடைசலைக் காட்டும் பெட்டியை மாட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் சுத்தமாக இருக்கும். "சளி புடிச்சிருக்கும், கஷாயம் குடு" என்பார் தனபால் சார். நானும் சிரித்தவள்தான்.

ஒரு பங்குனிக் காலையில் அப்பா பஸ்ஸிலிருந்து கூப்பிட்டார்.

"புளி எறக்கப் போறேம்மா. மதியானத்துக்குச் சோறு வாங்கி வை."

"எங்க வர்றீங்கப்பா?"

"ஒத்தமரத்துப் பாலம் வந்துடுச்சி. கூட்டம்னா கூட்டம், மேலகூட ஆளு..."

அறுந்தது. திரையில் சிவப்பு. பிறகு பச்சை. திரும்பக் கூப்பிட்டார். "இன்னாம்மா, பாதியில வெச்சிட்ட?"

நான் வைக்கவில்லை. அடுத்த முறை அவர் இறங்கியபோது, பாலம் வந்தால் சொல்லச் சொன்னேன். "இந்தா, ஏறுது" என்றார். அறுந்தது. ஜீப்காரர்கள் போய்ப் பார்க்கும்போது பாலத்தின்மேல் பஸ் இருந்திருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அதற்குத்தான் தனபால் சாரின் அந்தக் கேள்வி.

பதிலைத் தேடி, அப்பா மறுபடி மூட்டை ஏற்றிய நாளில், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். கோடை மழைக்கு மேகம் கட்டி, மலை கறுத்துக் கிடந்தது. காற்று இல்லை. காய்ந்த ஓடையில் இறங்கி, போனில் படம் பிடித்தபடி பாலத்தடியில் நின்றேன். கேபிள் போகும் இரும்புக் குழாயைப் பாலத்தின் பக்கவாட்டில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வளைவில் ஹாரன் கேட்டது. பஸ் தலைக்கு மேலே ஏறியது. குழாய் உள்ளிருந்த கேபிளோடு வில்லாக வளைந்தது; வெளிச்சம் அறுபட்டது அங்கேதான். அதைப் பிடித்திருந்த பாலமும் சேர்ந்து இறங்கியது. சுவர்ப் பிளவிலிருந்து மணல் கொட்டியது. பஸ் கடந்ததும் எல்லாம் மெதுவாக நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல நின்றன. வளைவில் திரும்பிய பஸ்ஸின் சன்னலுக்கு வெளியே அப்பாவின் கை தெரிந்தது. சாயங்காலம் அதே பஸ்ஸில் அவர் திரும்ப வேண்டும்.

தனபால் சார் படத்தை இரண்டு முறை பார்த்தார். சிரிக்கவில்லை.

"லைன் நம்ம வேல. பாலம் ரோட்டு ஆபீஸ் வேலம்மா. எழுதிப் போடலாம்."

"சாயங்கால பஸ்ல எங்கப்பா வர்றார் சார்."

 அவர் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

சாயங்காலம் பஸ் வந்தபோது பாலத்துக்கு முன்னால் ரோட்டின் நடுவே நின்றேன். டிரைவர் தலையை நீட்டினார். "வழிய வுடும்மா, ஏத்திடுவேன்!"

"என் மேல ஏத்துங்கண்ணே. பாலத்து மேல ஏத்தாதீங்க."

பஸ்ஸே சிரித்தது. "இன்னாடி, நீயும் கெவர்மெண்டா?" என்றது ஒரு குரல். அப்பா மட்டும் காலி சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். "எம் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் நடக்கறேன்." முனகிக்கொண்டே மற்றவர்களும் இறங்கி, ஓடை வழியாக நடந்தார்கள். தனபால் சார் காட்டிய படத்தைப் பார்த்த டிரைவர், ரிவர்ஸ் எடுத்தார்; மறுநாளிலிருந்து பாலத்துக்கு முன்னாலேயே ஆட்களை இறக்கிவிட்டார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் மழை கொட்டியது. மலை லைன் சிவப்பானது. நாங்கள் இருவரும் பச்சைக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. "இது தும்மல் இல்லம்மா" என்றார் தனபால் சார், மிகத் தணிந்த குரலில். பாலம் ஓடையில் கிடந்தது. அதன்மேல் யாரும் இருக்கவில்லை.

புதுப் பாலம் கட்டியபோது கேபிளைத் தள்ளிப் போடலாம் என்றார்கள். பாலம் அசைந்தால் லைன் தும்மிச் சொல்லட்டும் என்று நான்தான் சண்டை போட்டு, பாலத்தை ஒட்டியே போட வைத்தேன். அன்றைக்கு என் பக்கம் பேசிய ஒரே ஆள் தனபால் சார். போன வருஷம் அவர் இறந்துவிட்டார். அந்த பஸ்ஸும் நின்றுவிட்டது. மூட்டைமேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகும் பெண்கள் இப்போது இல்லை. புளி மினி லாரியில் போகிறது, கழுத்துவரை ஏற்றிக்கொண்டு. தும்மலும் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

இன்று காலையில் அந்தச் சிவப்பு மூன்று முறை வந்தது. "புகார் தானா மூடிடுச்சே மேடம்" என்றாள் பக்கத்துப் பெண்.

நான் அதற்குள் அப்பாவுக்குப் போன் செய்திருந்தேன். பாலத்தின் அந்தப் பக்கம் அவர் ஒரு முள்மரக் கிளையை வெட்டி ரோட்டில் இழுத்துப் போட்டிருக்கிறார். இந்தப் பக்கம், வேலூரிலிருந்து ஓட்டி வந்து ரோட்டை அடைத்து நிறுத்திய ஜீப்புக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்னால் ஒரு மினி லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது. மேகம் கட்டியிருக்கிறது. ஜீப் சாவி என் கையில்.