கம்பளி போர்த்திய ஐஸ்

பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர் புஷ்பம் அக்கா. மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் பழுதான பிறகு லயத்து வரிசை வீட்டில் உட்கார்ந்துவிட்டார். மருத்துவ லீவு முடிய இன்னும் இரண்டு வாரம். அதற்குப் பிறகு அந்தக் காலோடு மலை ஏற வேண்டும், இல்லையென்றால் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டும்.

அது 2001ஆம் வருடக் கடைசி. ஜோர்தான், சைப்பிரஸ் என்று ஏழு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, நான் அதே லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தேன். நாடு முழுக்க மின்வெட்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சர்பத் கடை வைத்திருந்த கபூருக்குக் கொழும்பு ஐஸ் ஒழுங்காக வரவில்லை. நோன்பு மாதம், நல்ல வியாபாரம். அக்காவிடம் தம்பி கொடுத்த பழைய ஃபிரிட்ஜ் இருப்பது அவருக்குத் தெரியும்.

“தினம் ஒரு கட்டி தாங்க. சரியா ஈந்தா நோன்புக்குப் பொறகும் எடுப்பேன்” என்றார்.

முதல் கட்டி சுண்ணாம்பு போல வெள்ளையாக வந்தது. கபூரின் சர்பத் கண்ணாடித் தொட்டியில், எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். ஐஸ் கரைந்ததும் அடியில் வெள்ளைப் பொடி படிந்தது.

“லயத்துத் தண்ணியான்னு கேக்கிறாங்க, புஷ்பம். வெள்ளிக்கிழமைக்குள்ள கண்ணாடி மாதிரி கொண்டாங்க. இல்லாட்டி வேணாம்.”

கட்டி வேண்டாம் என்றதைவிட ‘லயத்துத் தண்ணி’ என்ற வார்த்தைதான் அக்காவைச் சுட்டது. எங்கள் பீலிக் குழாயில் விழுவது பாறை ஊற்றுத் தண்ணீர். அதை இரண்டு முறை கொதிக்கவைத்தார், துணியில் மூன்று முறை வடித்தார். கட்டியின் நடு அப்போதும் வெள்ளைதான். வெளிநாட்டில் கண்ணாடி போன்ற ஐஸை எத்தனையோ கிளாஸில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எப்படிச் செய்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

புதன்கிழமை பானையில் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்ததும் மின்சாரம் போய்விட்டது. குளிர் போகாமலிருக்க, மழைக்குப் போர்த்தும் கொழுந்துக் கம்பளியை மடித்துப் பானைக்கு அடியிலும் சுற்றிலும் வைத்தார். மேலே மூடக் கம்பளி போதவில்லை.

அக்காவோடு கொழுந்து பறித்த சுப்பம்மா அதைப் பார்த்து வாசலில் நின்று சிரித்தாள். “மலைக்குப் போக மனசில்லாம கம்பளியையும் பொட்டிக்குள்ள ஒளிச்சிட்டியாடி?”

“ஒனக்கும் எடம் இருக்கு, வா.”

சாயந்தரம் மின்சாரம் வந்தது. கம்பளியை எடுக்க மறந்துபோனார். மறுநாள் காலை மின்வெட்டுக்கு முன் பானையை எடுத்தால் பாதிதான் உறைந்திருந்தது. சலித்துக்கொண்டு கவிழ்த்தார். அடியில் கிடந்த கலங்கல் தண்ணீர் கொட்டியது. மேலே உறைந்த நாலு விரல் கட்டியைத் தூக்கிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். அதன் வழியாக அவருடைய விரல் ரேகை தெரிந்தது.

பானையைச் சுற்றியிருந்த கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மேல மட்டுந்தான் குளிர் பட்டிருக்கு. மேலருந்து ஒறையிறப்ப அழுக்கெல்லாம் கீழ போயிருது. முழுசா ஒறைய விட்டதுதான் தப்பு.”

அன்றும் அப்படியே வைத்தார். வெள்ளிக்கிழமை காலை, அடித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கட்டியை மரத்தூளில் புதைத்துவைத்து, சாயந்தரம் பஸ்ஸில் கொண்டுபோனோம். கபூர் கழுவித் தொட்டியில் போட்டார். சிவப்புச் சர்பத்துக்குள் ஐஸ் இருக்கும் இடமே தெரியவில்லை.

நோன்பு திறக்கச் சர்பத் வாங்க ஜக்கோடு வந்த மர்லியா டீச்சர் தொட்டியைக் குனிந்து பார்த்தார். “நல்ல ஐஸா ஈக்கே. எங்கேருந்து?”

“கொழும்பு” என்றார் கபூர்.

அக்கா முன்னால் வந்தார். பேசினால் கிடைத்த வியாபாரமும் போகலாம்.

“இல்லைங்க டீச்சர். எங்க லயத்துப் பீலித் தண்ணி. நாந்தான் செஞ்சேன்.”

கபூர் அகப்பையைப் பிடித்தபடி நின்றார். டீச்சர் அக்காவைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், ஜக்கை நீட்டினார்.

“அப்ப ஐஸ் கொஞ்சம் கூடப் போடுங்க, நானா.”

கபூர் போட்டார். டீச்சர் போனதும் அக்காவிடம், “நாளைக்கு ரெண்டு கட்டி ஏலுமா?” என்று கேட்டார்.

“கம்பளி ஒண்ணுதான் இருக்கு. சுப்பம்மாகிட்ட கேட்டுப் பாக்குறேன்” என்றார் அக்கா.