கட்டைவிரல் அளவு ரவுடி

போன வாரம் மகன் வந்த ஷேர் ஆட்டோ கவரைப்பேட்டை அருகே சாய்ந்துவிட்டது என்று போன் வந்ததும், கையெல்லாம் இட்லி மாவோடு ஓடினேன். முழங்கைச் சிராய்ப்போடு நின்றிருந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஒன் கையப் பாரும்மா, ஒரே மாவு!" அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அது என்னுடையது.

அப்போது எனக்கு எட்டு வயது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை பார்த்த மாமாவுக்கு மீன் பைத்தியம். பவளப்பாறை இடுக்குகளில் வாழும் நீல மீன்கள் இரண்டை வாங்கிவந்து எங்கள் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தார். அதற்கான கடல் தண்ணீர் பழவேற்காட்டிலிருந்து கேன் கேனாக பஸ்ஸில் வந்தது. பெரிய மீனே கட்டைவிரல் அளவுதான். தொட்டிக்குள் கிடந்த உடைந்த பூந்தொட்டி ஓட்டை அது தன் வீடாக்கிக்கொண்டது. ஒரு நாள் திடீரெனச் சாப்பிடுவதை விட்டது. ஜோடியையே துரத்தியது. ஓட்டின் மேல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. ரவுடி என்று பேர் வைத்தோம். ஓட்டில் அப்பியிருந்த பொடி மணிகள் முட்டைகள் என்பது மாமாவைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை வீடு கழுவிய அம்மா தொட்டியையும் விடவில்லை.

"அந்த ஓட்ட எடுத்துத் தேய்டி. அழுக்கு ஒட்டிக்கினு கீது."

தேங்காய் நாரோடு கையை விட்டேன். ரவுடி பாய்ந்து வந்து கடித்தது. தெருவே கேட்க அலறினேன்.

இடுப்பில் துண்டும் தலை நிறைய சோப்பு நுரையுமாக அப்பா குளியலறையிலிருந்து ஓடிவந்தார். "இன்னாச்சு புள்ளைக்கு?" என் விரலில் கீறல்கூட இல்லை. ஆனாலும், "இத இப்பவே தூக்கிக் கடாசறேன்" என்று வலையை எடுத்தார்.

ஷிப்ட் முடிந்து வந்த மாமா அவர் கையைப் பிடித்தார். "ஐயோ, வேணா மாப்ள! அது அப்பன். பொட்ட முட்டைய உட்டுட்டுப் போயிடும். காவல் இவன்தான்."

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அதான் துன்னலியா?"

"குஞ்சு வர்ற வரிக்கும் சரியா துன்னாது மாப்ள."

அப்பா வலையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவை முறைத்தார். "யாரும் கிட்ட போவாதீங்க."

அன்றிலிருந்து தொட்டிக்கு இரண்டு காவல்: உள்ளே ரவுடி, வெளியே அப்பா. நாலாம் நாள் இருட்டியதும் தூசு போலக் குஞ்சுகள் எழும்பின. நாங்கள் கைதட்டினோம். மறுநாள் குடும்பத்தோடு பழவேற்காடு போய் அவற்றைக் கடலில் விட்டோம். வழியெல்லாம் கேன் அப்பா மடியில். யாரையும் தொடவிடவில்லை.

ஆனால் பள்ளியில் நான் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, அப்பா நுரையோடு ஓடிவந்த கதையை மட்டும்தான். கண்ணாடிக்கு உள்ளேயும் வெளியேயும் அன்று நின்றது ஒரே ஆள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.