ஸ்டெல்லா அக்காவின் ரெட் டேக்

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார்.

காலையில் பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வந்தது. பிறந்தநாள் போல என்று நினைத்து கேக் எமோஜி தேடிக்கொண்டிருந்தேன்... அப்புறம்தான் கீழே இருந்ததைப் படித்தேன்.

தட்டாஞ்சாவடியில் வால்வு செய்கிற கம்பெனியில் பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் லேத் மெஷின். அவர் குவாலிட்டி. அதாவது நான் செய்வதை அவர் ரிஜெக்ட் பண்ணுவார்.

பச்சை டேக் என்றால் ஓகே. மஞ்சள் என்றால் ரீவொர்க். சிவப்பு, நேராக ஸ்கிராப்.

என் ட்ரேயில் சிவப்பைக் கட்டிவிட்டு, "மெர்சி தம்பி, அடுத்த ட்ரே எடுத்தா" என்பார். தேங்க்ஸ், நன்றி எதுவும் அவர் வாயில் வராது. வீட்டில் பிரெஞ்சுப் பழக்கம், மெர்சிதான். டீ கொண்டுவருகிறவருக்கு, கேட் திறக்கிற செக்யூரிட்டிக்கு, திட்டு வாங்கிய எனக்கு... எல்லாருக்கும் மெர்சி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த அக்காவுக்கு சூப்பர் ஹீரோ படம் என்றால் உயிர். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடித்து அதே புடவையோடு காலைக் காட்சிக்குப் போய்விடுவார்.

பன்னிரண்டு சூப்பர் ஹீரோக்களும் ஒரே படத்தில் வந்தார்களே, ஊரே பைத்தியமாகத் திரிந்ததே... அந்தப் படத்துக்கு கம்பெனியிலிருந்து ஏழு பேர் சேர்ந்து போனோம். விசிலடித்தே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டின் பின்பக்கம் படத்துக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார் அக்கா.

பன்னிரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கலாய்த்துக்கொள்கிற இடம், பச்சை. தன் ஊரைக் கடல் கொண்டுபோனதைச் சொல்லி வில்லன் அழுகிற இடம், அதுவும் பச்சை. "அவன் கேக்கறதுல நியாயம் இருக்குதுப்பா."

ஆளுக்கு ஐந்து நிமிஷம் அறிமுகம், ரிசப்ஷன் மேடையில் போட்டோவுக்கு வரிசை கட்டுவது மாதிரி... மஞ்சள். கடைசி சண்டை முழுக்க இருட்டு, மஞ்சள். "இவ்ளோ செலவு பண்ணானுங்களே, ரெண்டு லைட்டு போட்டிருக்கக் கூடாதா?"

சிவப்பு ஒன்றே ஒன்று.

சுரங்கத்தில் தீ. பதினொரு பேர் கூண்டில் ஏறி மேலே போக, அந்தப் பன்னிரண்டில் முதுகில் ஒரு துணி கூடப் பறக்காத ஒருத்தன் மட்டும் கீழேயே நின்று சங்கிலியை இழுப்பான். எங்கள் கம்பெனியில் பாரம் தூக்க செயின் பிளாக் இழுப்போமே, அதேதான். அவன் மேலே வரவே இல்லை.

"வெளிய வந்தானுங்களே பதினொரு பேரு, ஒருத்தனாச்சும் அவனுக்கு ஒரு மெர்சி சொன்னானா?"

"அக்கா, அவன் சைடு கேரக்டர்."

"இன்னா சைடு கேரக்டரு? அவன் கைய வுட்டிருந்தா உன் ஹீரோ அத்தினி பேரும் உள்ளயே வெந்திருப்பானுங்க."

நானும் விடவில்லை. உங்களுக்குப் படமே பார்க்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் என் ட்ரேயில் சிவப்பு டேக், கூடவே மெர்சி.

அடுத்த வருஷம் ஆர்டர் இல்லை என்று ஆளைக் குறைத்தார்கள். லேத்தில் மட்டும் நாலு பேர் வீட்டுக்குப் போனார்கள். நான் தப்பித்தேன். எல்லாம் நம் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா ரிடையர் ஆன அன்றுதான் சூப்பர்வைசர் சொன்னார். லிஸ்டில் என் பெயரும் இருந்ததாம். அக்கா தன் ஷீட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போயிருக்கிறார்.

"நான் செவப்பு கட்டுன தப்ப திரும்பப் பண்ணாத ஒரே ஆளு இவன்தான் சார். இவன அனுப்புறதா இருந்தா நாளைலேர்ந்து நீங்களே வந்து கேஜ் புடிச்சி அளவு பாருங்க" என்றாராம்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். கூட்டம், மாலை, போட்டோ... என் முறை வந்தபோது "ஹேப்பி ரிடையர்மெண்ட்க்கா" என்று சொல்லி, கேக்கை வாங்கித் தின்றுவிட்டு பைக்கை எடுத்துவிட்டேன். வெட்கமா, திமிரா, இன்னும் எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட்.

"தம்பி, என்னால மூணு மணி நேரம் உக்கார முடியல. நீ பாத்துட்டு சொல்லு. அந்த சங்கிலி இழுத்தவனுக்கு இந்தப் பார்ட்லயாச்சும் யாராச்சும் மெர்சி சொன்னானுங்களா?"

அந்த வாரமே பார்த்துவிட்டேன். பதில் போடவில்லை. நேரில் போய் இதையும் சொல்லி, சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடலாம் என்று... இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று நாலு ஞாயிறு ஓடிவிட்டது. உப்பளத்தில் என் வீட்டிலிருந்து உழவர்கரையில் அக்கா வீடு என்ன சீமையா? பைக்கில் கொஞ்ச நேரம்.

காலையிலிருந்து அந்த வாய்ஸ் நோட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்து ஒரே ஒரு சிவப்பு டேக் கட்டிவிட்டுப் போகமாட்டாரா என்று இருக்கிறது.

நாளை சாயங்காலம் அடக்கம். உழவர்கரை வீட்டிலிருந்து. பழைய கம்பெனி ஆட்கள் எல்லாரும் வந்துவிடுங்கள்.

அக்கா... இந்தப் பார்ட்லயும் யாரும் சொல்லலக்கா.

மெர்சி.