வேலிக்குப் பின்னால் பூத்த கடுகு

ஆஸ்திரேலியாவில், ட்ருகனினா என்ற எங்கள் புறநகரில் நாவூறு, அதாவது கண்திருஷ்டி, கழிப்பது லேசான காரியமல்ல. மிளகாயையும் கடுகையும் நெருப்பில் போட்டால் புகை அலாரம் ஊரையே கூட்டிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், நாவூறை இன்னொருவர்தான் கழிக்க வேண்டும். என் வீட்டில் இன்னொருவர் இல்லை. மனைவி யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். என்னுடைய தற்காலிக விசாவில் அவளைக் கூப்பிட வழியில்லை.

ஒரு குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அவள் வீடியோவில் வந்து, "இஞ்சருங்கோ, நீங்களே தலையைச் சுத்துங்கோ. நான் இங்கயிருந்து சொல்லுறன்" என்றாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் சுற்றினேன். எரிக்கப் பயந்து, கையிலிருந்த மிளகாயையும் கடுகையும் பின்வேலிக்கு மேலால் வெற்றுக் காணிக்குள் எறிந்தேன்.

கருங்கல்லும் முட்செடியும் கிடந்த காணி அது. வசந்தத்தில் பார்த்தால் என் நாவூறு மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள். போனில் தேடிப் பார்த்தேன். ஐரோப்பாப் பூச்சியாம். முட்டைக்கோவாவும் கடுகும் எங்கே உண்டோ அங்கேதான் குடித்தனமாம். எப்படியோ கடல் தாண்டி வந்து இங்கே பரவிவிட்டதாம். அதனிடம் ஒருவரும் விசா கேட்கவில்லை. எனக்கு உண்மையாகவே எரிச்சல் வந்தது.

அதற்கு முன் எங்கள் பேச்சு வற்றிப்போயிருந்தது.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"லோயர் ஏதும் சொன்னவரோ?"

"இல்லை."

அதோடு சரி. பிறகு இருவரும் திரையின் மூலையில் தெரியும் தத்தம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். இப்படியே போனால் ஒருநாள் அவள் அழைக்காமலே விட்டுவிடுவாள் என்று பயந்தேன்.

பூச்சிகள் வந்தபின் அவளே முந்தி அழைத்தாள். கிடங்கு வேலை முடிந்து வந்ததும் இந்த வயதில் வேலியேறிக் குதித்து அவளுக்குக் காட்டுவேன். இலையின் அடியில் தனித்தனியாக ஒட்டிய முட்டைகள், இலையின் நிறத்திலேயே ஊரும் புழு. சிறகில் ஒரு கறுப்புப் புள்ளி என்றால் ஆண், இரண்டென்றால் பெண் என்று சொல்லிக்கொடுத்தேன்.

"சோடியாத் திரியுதுகளோ?"

"ஓம்."

"குடுத்து வைச்சதுகள்" என்று சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கோடை தொடங்கிய சமயம், ஒருநாள் வேலையால் வந்தபோது காணி வழித்துத் துடைத்துக் கிடந்தது. வீடு கட்டப் போகிறார்களாம். மண் தள்ளும் இயந்திரம் ஓரமாக நின்றது. ஒன்றிரண்டு பூச்சிகள் இன்னும் மண்மேல் அலைந்தன. அவற்றுக்கு உட்கார ஓர் இலை இல்லை.

அவளுடைய அழைப்பு வந்தது. போனைத் திருப்பிக் காட்டினேன். அவள் வெறும் மண்ணைப் பார்த்தாள்.

"இனி நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?" என்று கேட்டாள்.

மண்மேல் அலைந்த ஒரு பூச்சியை நோக்கிப் போனை நகர்த்தினேன். போனை வைக்கப் பயமாக இருந்தது.