வீடு மட்டும்தான் தவறு

அப்பா இறந்தபின் தங்கச் சுரங்க ஊரில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன்; அங்கே கோரமண்டல், பாலகாட் என்று இரண்டு குடியிருப்புகளில் மாறி மாறி இருந்தோம். அவர் என்னை பெல்ட்டால் அடிப்பார். இருபத்திரண்டு வயதில், ஒரு ஞாயிறு மதியம் சாப்பிடும்போதுதான் அதை வாய்விட்டுச் சொன்னேன்.

"கோரமண்டல் வீட்ல கதவைச் சாத்திட்டு அடிச்சீங்க."

பெரியப்பா சிரித்தார். "அப்ப நாம பாலகாட்ல இல்ல இருந்தோம்? இன்னா கதை வுடுது பாரு!"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டையே மாற்றிச் சொல்கிறவள் மற்றதையும் கற்பனை செய்திருப்பேனோ?

பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "வூடு பாலகாட்தான். அடிச்சது நெசம். இவ முதுகுல மஞ்சப் பத்து போட்டது நான்தான்."

பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

"நீ சாப்புடும்மா" என்றார் பெரியம்மா.

இடம் எனக்கு மறந்திருந்தது, வலி மறக்கவில்லை. அன்று மாலை வேலைக்குத் திரும்பும் பெங்களூர் ரயிலில், ஜன்னலோரம் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினேன்.